காற்றுக்கு நான் தயாராகவில்லை: ஒரு சனி, ஞாயிறு பந்தய அனுபவம்

சென்ற மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டேன். சனிக்கிழமை 24 கிலோமீட்டர் டைம் ட்ரயல் (ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டியிடுவது), ஞாயிற்றுக்கிழமை 84 கிலோமீட்டர் ரோடு ரேஸ் (எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவது). 11 வாரம் விடியுமுன் எழுந்து பயிற்சி செய்தது இந்த இரண்டு நாளுக்காகத்தான். இரண்டு நாளும் காற்று விடாமல் அடித்தது. இரண்டு பந்தயத்துக்கும் கட்டிய நுழைவுக் கட்டணம், பல மாதம் சேமித்து வாங்கியும் பயன்படாமல் போன முன்சக்கரம், வளைந்துபோன டீரெய்லர் ஹேங்கர் (பின்கியரை மாற்றும் கருவியைச் சைக்கிளோடு பிணைக்கும் துண்டு), இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த தோல், அதற்குப் பிறகு சைக்கிளைத் தொட முடியாத 9 நாள். இவ்வளவும் போன கணக்கு. எனக்குக் குழு கிடையாது, பயிற்சியாளரும் கிடையாது. தனியாகப் போய்த் தனியாகத் திரும்பும் ஆள். காற்றைப் பற்றி யாராவது ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு வெள்ளிக்கிழமை இரவே தொடங்கிவிட்டது. வானிலையைப் பார்த்தேன். ஆனால் மழை வருமா என்று மட்டும் பார்த்தேன். மழை இல்லை என்றதும் நிம்மதியாக மூடிவிட்டேன். அதே பக்கத்தில் காற்று மணிக்கு 32 கிலோமீட்டர், வீச்சு 55 வரை என்று போட்டிருந்தது. இரண்டு எண்ணும் கண்ணில் பட்டன, மனதில் ஏறவில்லை. இப்போது இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறேன். முதல் எண் சராசரி வேகம். அது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. சைக்கிள் ஓட்டுபவரின் உயரத்தில், அதுவும் மரமோ கட்டடமோ இருக்கும் இடத்தில், நம்மைத் தொடும் காற்று அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நம் நேரத்தைத் தின்பது இது. இரண்டாவது எண் திடீர் வீச்சு. நாம் சைக்கிள்மேல் இருப்போமா, ரோட்டில் கிடப்போமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். எந்தச் சக்கரத்தைப் போடுவது என்று முடிவெடுக்கும்போது நான் இரண்டாவது எண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

என்னிடம் இரண்டு முன்சக்கரங்கள் உண்டு. ஒன்று சாதாரண, உயரம் குறைந்த ரிம். இன்னொன்று காற்றுத் தடையைக் குறைக்கும் 60 மில்லிமீட்டர் உயர ரிம், புதிதாக வாங்கியது. இவ்வளவு செலவழித்து வாங்கியதை டைம் ட்ரயலில் போடாமல் வேறு எதில் போடுவது என்று நினைத்து அதையே மாட்டினேன். காற்று இல்லாத காலைகளில் அதை ஓட்டியபோது அருமையாக இருந்தது. பக்கக்காற்றில் ஒரு நாள்கூட ஓட்டிப் பார்த்ததில்லை.

தொடக்க மேடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோதே முதுகில் குத்திய எண் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மூலைக்கு நான்கு ஊக்கு போட்டிருந்தேன். நடுவில் காற்று புகுந்து அட்டை பாய்மரம் மாதிரி உப்பியது. சின்ன விஷயம்தான், ஆனால் 40 நிமிடம் காதுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் மனம் எப்படிச் சிதறும் என்பது அனுபவித்தால்தான் தெரியும். மறுநாள் எட்டு ஊக்கு போட்டேன், சத்தம் நின்றது.

பாதை 12 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புவது. போகும்போது நேர் எதிர்க்காற்று. காற்றில்லாத நாளில் அந்தத் தூரத்தில் சராசரியாக 38 கிலோமீட்டர் வேகம் பிடிப்பேன். மொத்தம் 38 நிமிடத்துக்குள் முடியும். அந்த 38 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பியதுதான் நான் செய்த பெரிய பிழை. மீட்டரில் 28, 29 என்று காட்டியது. மனம் ஒப்பவில்லை. மிதித்தேன், இன்னும் மிதித்தேன். 31 வந்தது. நான்காவது கிலோமீட்டரில் தொடை எரிய ஆரம்பித்தது, ஆறாவதில் மூச்சு வாங்க முடியவில்லை, எட்டாவதில் 23க்கு இறங்கிவிட்டேன். எனக்கு ஒரு நிமிடம் பின்னால் புறப்பட்டவர் சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனார். அவருடைய தோள் ஆடவே இல்லை. அவர் சின்ன கியரில் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தார், நான் பெரிய கியரை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உடம்பு உயரத்தில் 18 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். 27ல் போனாலே நம் மார்பில் அடிப்பது 45 கிலோமீட்டர் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே 38ல் காற்றில்லாமல் போகும்போது இருக்கும் தடையைவிட இது சுமார் 40 சதவீதம் அதிகம். அதே பலத்தில் ஓட்டினால் போகும்போது 27, திரும்பும்போது 50 என்ற அளவில்தான் எனக்கு வேகம் கிடைத்திருக்கும். போக 26 நிமிடம் 40 வினாடி, வர 14 நிமிடம் 24 வினாடி, மொத்தம் 41 நிமிடம் 4 வினாடி. அதாவது எந்தத் தப்பும் செய்யாமலே மூன்று நிமிடத்துக்குமேல் காற்று எடுத்துக்கொள்ளும். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். கிடைக்காது. எதிர்க்காற்றில் நாம் கழிக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் கழிக்கும் நேரம் குறைவு. இது முன்கூட்டித் தெரிந்திருந்தால் மீட்டரில் 27ஐப் பார்த்து நான் பதறியிருக்க மாட்டேன். நான் எடுத்துக்கொண்டது 43 நிமிடம் 40 வினாடி. காற்றுக்கு மூன்று நிமிடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. பதற்றத்துக்குக் கொடுத்த இரண்டரை நிமிடம்தான் உறுத்துகிறது.

காற்று நாளில் வேகத்தைப் பார்த்து ஓட்டாதீர்கள். பவர் மீட்டர் (மிதிக்கும் பலத்தை வாட்ஸில் காட்டும் கருவி) இருந்தால் வாட்ஸைப் பாருங்கள், இல்லாவிட்டால் மூச்சைக் கேளுங்கள். முடிந்தால் வேகம் காட்டும் கட்டத்தையே திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். எதிர்க்காற்றில் வழக்கத்தைவிடக் கொஞ்சம், கொஞ்சம் மட்டும், கூடுதலாகக் கொடுக்கலாம். அங்கே கழியும் நேரம் அதிகம் என்பதால் அது லாபம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை உணர்ச்சியின் கையில் விடக்கூடாது.

திரும்பி வரும் வழியில்தான் பயந்தேன். பாதை ஒரு இடத்தில் வளைந்து பாலத்தின்மேல் ஏறும். அதுவரை ஒரு பக்கம் வரிசையாக மரங்கள். மரங்கள் முடிந்து பாலம் தொடங்கிய அந்த நொடியில் யாரோ முன்சக்கரத்தைக் கையால் பிடித்துத் திருப்பியது போல இருந்தது. ஒரு மீட்டருக்குமேல் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டேன். கை இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டைம் ட்ரயல் பாரின்மேல் இருந்ததால் பிரேக்கும் எட்டவில்லை. கைப்பிடிச் சுவர் என் முழங்கைக்கு அருகில் வந்தது. அங்கே பூசியிருந்த சிமெண்டில் ஒரு விரிசல் நீளமாக ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எப்படி நேராக்கினேன் என்று தெரியவில்லை. அதன்பிறகு மிச்ச ஐந்து கிலோமீட்டரும் பின்காற்று இருந்தும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். உயர ரிம்மால் மிச்சமாகும் சில வினாடிகளை அந்த ஐந்து கிலோமீட்டரில் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பின்சக்கரம் உயரமாக இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை, அது சைக்கிளின் சட்டத்தோடு நேராகப் பிணைந்திருக்கிறது. முன்சக்கரம் திரும்பக்கூடியது. பக்கக்காற்று அதன்மேல் பட்டால் ஹேண்டில்பாரே திரும்பும். ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த) உலகப் போட்டியில் ஆரங்கள் தெரியாமல் முழுதும் மூடிய வட்டுச் சக்கரத்தைப் பல ஆண்டுகள் அனுமதிக்காததற்குக் காரணமே அங்கே அடிக்கும் பக்கக்காற்றுதான். ஆகவே வீச்சு அதிகம் என்று தெரிந்தால் முன்னால் உயரம் குறைந்த ரிம்மைப் போடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, உயர ரிம் அன்று வீட்டில் இருக்கட்டும். மரவரிசை முடியும் இடம், பாலம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து, உயரமான வண்டி நம்மைத் தாண்டும் நொடி ஆகியவற்றுக்கு முன்பே கையை பிரேக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டி தாண்டும்போது முதலில் காற்று சட்டென்று நிற்கும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த நாம் அந்தப் பக்கம் இழுபடுவோம். அடுத்த நொடி காற்று மறுபடி அறையும். இந்த இரண்டாவது அடியில்தான் பலர் விழுகிறார்கள். முழங்கையை மடக்கி, பிடியைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் இருந்தால் சைக்கிள் தானே நேராகும். இறுக்கிப் பிடித்தால் நம் உடம்பின் நடுக்கமெல்லாம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

சனிக்கிழமை இரவு தூக்கமே இல்லை. மறுநாள் பந்தயத்துக்குப் போகாமல் விட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்தேன். கட்டணம் கட்டியாயிற்று, அதனால் போனேன். இதை உண்மையாகவே சொல்கிறேன், ஆர்வத்தால் போகவில்லை. ஒரு நல்ல காரியம் மட்டும் செய்தேன், முன்சக்கரத்தை மாற்றினேன்.

ஞாயிறு பந்தயம் 21 கிலோமீட்டர் சுற்று, நான்கு சுற்று. 58 பேர் கிளம்பினோம். சுற்றின் நடுவே இடதுபக்கம் ஒரு திருப்பம். அதைத் தாண்டினால் ஐந்து கிலோமீட்டர் திறந்த வெளி, மரமில்லை, சுவரில்லை, வலப்பக்கத்திலிருந்து நேராகக் காற்று. முந்தின நாள் பாதை வரைபடத்தை எடுத்துக் காற்றின் திசையை ஒரு அம்புக்குறியாக வரைந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் இது தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தத் திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே முன்னால் போய்விட்டார்கள். ஏன் திடீரென்று எல்லாரும் முண்டியடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நான் முப்பத்தைந்தாவது ஆளாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றில் முன்னால் இருந்தவர்கள் வேகம் கூட்டவில்லை, எப்படியோ ஒட்டிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் கூட்டினார்கள்.

இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எதிர்க்காற்றில் முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் இருந்தால் மறைப்பு கிடைக்கும். பக்கக்காற்றில் அந்த மறைப்பு நேர் பின்னால் இருக்காது, சாய்வாக விழும். வலமிருந்து காற்று என்றால் முன்னவரின் இடப்பின்புறம்தான் மறைவு. ஆகவே முதல் ஆள் ரோட்டின் வல ஓரத்தில் போவார், அடுத்தவர் அவருக்குச் சற்று இடப்பக்கமாகப் பின்னால், அவருக்கு இடப்பின்னால் மூன்றாமவர். இப்படி ஒரு சாய்ந்த வரிசை ரோட்டை அடைத்துக்கொள்ளும். இதைத்தான் எஷலான் என்கிறார்கள். ரோட்டின் அகலத்துக்கு எட்டு, பத்துப் பேருக்குத்தான் அதில் இடம். பதினோராவது ஆளுக்கு மறைவு ரோட்டுக்கு வெளியே, புல்லில் விழுகிறது. அவரும் அவருக்குப் பின்னால் உள்ளவர்களும் இட ஓரத்தில் ஒற்றை வரிசையாக, முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

நான் அந்த ஒற்றை வரிசையின் கடைசிப் பகுதியில் இருந்தேன். என் முன்டயர் ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, சரளையும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும் நாலு விரல் அகலத்தில் ஓடியது. முன்னால் போனவரின் பின்டயரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. காற்றின் இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. எனக்கு முன்னால் ஐந்தாவது ஆள் பிடி விட்டார். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி, அப்புறம் மூன்று, அப்புறம் முப்பது மீட்டர். அவரைத் தாண்டி நான் துரத்தினேன். கொஞ்சம் நெருங்கினேன், அதற்குமேல் கால் வரவில்லை. முன்கூட்டம் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தபோது அழுகை வந்தது. 11 வாரம் உழைத்த கால் அது. அந்தக் கால் அன்று பலவீனமாக இல்லை, தப்பான இடத்தில் நின்றது.

பெரிய வீரர்களுக்கும் இது நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டது ஆறுதலாக இருந்தது. பல நாள் நடக்கும் டூர் த பிரான்ஸின் 2013 பந்தயத்தில், 13ஆவது கட்டத்தில், கடைசி 30 கிலோமீட்டர் வாக்கில் பக்கக்காற்றைப் பயன்படுத்தி ஆல்பர்டோ கான்டடோர் என்ற வீரரின் அணி வேகம் கூட்டியது. 14 பேர் பிரிந்து போனார்கள். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் 9 வினாடி இழந்தார். 2015ல் பெல்ஜியத்தில் நடந்த கெண்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் ஜெரைன்ட் தாமஸ் என்ற வீரரை வீச்சு அப்படியே தூக்கிப் பள்ளத்தில் போட்டது. எழுந்து வந்து மூன்றாவதாக முடித்தார். அன்று கடைசிவரை வந்தவர்கள் 39 பேர்தான்.

மறுபடி திருப்பத்துக்கு வருகிறேன். ஓரத்து ஒற்றை வரிசையில் இருப்பதை உணர்ந்த உடனே செய்யவேண்டியது ஒன்றுதான். முன்வரிசைக்குள் நுழைய முட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களைச் சைகையால் கூப்பிட்டு வல ஓரத்துக்கு ஏறி இரண்டாவது சாய்ந்த வரிசையை அங்கேயே தொடங்குங்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் முன்கூட்டத்தைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கலாம். இதைத் தொடங்கும் தைரியம் எனக்கு வரவில்லை, தொடங்கலாம் என்பதே தெரியவும் இல்லை.

ஏழு கிலோமீட்டர் தனியாகப் போனேன். பின்னாலிருந்து ஐந்து பேர் வந்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் வயதில் மூத்தவர் ஒருவர். நான் முன்னால் என் முறையை முடித்துவிட்டு இடப்பக்கமாக விலகினேன். "தம்பி, வலப்பக்கம் இறங்கு, காத்துப் பக்கம்!" என்று கத்தினார். முன்னால் இழுத்து முடித்தவர் காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னால் வரவேண்டும். அப்போது அவர் உடம்பே முன்னேறி வருபவர்களுக்கு மறைப்பாகிறது. நான் மறைப்பைக் கலைத்துக்கொண்டிருந்தேன். என் முறை இரண்டு தடவை வந்துபோன பிறகு அது கைக்கு வந்தது. அந்த அரைமணி நேரம், ஆறு பேரும் ஒரே மூச்சாகச் சுழன்றுகொண்டு போனது, அந்த வாரக் கடைசியில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே நேரம்.

மூன்றாவது சுற்றில் விழுந்தேன். காரணம் பசி என்றால் நம்புவீர்களா? காற்றில் ஒரு கையை எடுக்கப் பயந்து சாப்பிடவே இல்லை. பையில் நான்கு ஜெல் (பிதுக்கிச் சாப்பிடும் சத்துக்கூழ்) இருந்தது, ஒன்றுதான் உள்ளே போயிருந்தது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று திட்டம் போட்டவன் அதில் பாதிகூடச் சாப்பிடவில்லை. காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தாகமும் தெரியவில்லை, இரண்டு பாட்டிலில் ஒன்று அப்படியே இருந்தது. கண் மங்கியது. முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் என் முன்சக்கரம் ஒரு சாண் உள்ளே போயிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு வீச்சு அவரை இடப்பக்கம் தள்ளியது. டயரும் டயரும் உரசிய அந்த 'ஜர்ர்' சத்தம் கேட்டது, அடுத்ததாக வல இடுப்பில் தார் ரோடு. மூத்தவர் வேகம் குறைத்து, "எலும்பு ஏதும் போச்சா?" என்றார். "இல்லண்ணா, நீங்க போங்க" என்றேன்.

வலப்பக்கம் விழுந்ததில் டீரெய்லர் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்துவிட்டது. அப்படி விழுந்தால் கிளம்புவதற்கு முன் பின்னால் போய் நின்று பாருங்கள். டீரெய்லர் செங்குத்தாக இல்லாமல் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் கடைசி லேசான கியருக்குப் போகவே போகாதீர்கள். போனால் அது ஆரங்களுக்குள் சிக்கி, சக்கரமும் சட்டமும் சேர்ந்து போகும். நான் நடுவில் உள்ள மூன்று கியரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தைத் தனியாக ஓட்டினேன். திருப்பத்துக்கு முன்னால், மரங்களின் மறைவில், இரண்டு ஜெல்லைச் சாப்பிட்டேன், பாட்டிலைக் காலி செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் மறைவான இடம் எது, பின்காற்று எது என்று பார்த்து அங்கேயே சாப்பிடுவது என்று முதலிலேயே குறித்து வைத்திருந்தால் நான் விழுந்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன். முதலில் வந்தவர் 2 மணி 17 நிமிடத்தில் முடித்தார். நான் 2 மணி 46. முடித்த 31 பேரில் 29ஆவது.

காயம் ஆற 9 நாள். ஹேங்கரை மாற்றினேன், இப்போது பையில் கூடுதலாக ஒன்று எப்போதும் இருக்கிறது. போன வாரம் நல்ல காற்று அடித்த ஒரு காலையில் அந்த மூத்தவரையும் இன்னும் இருவரையும் கேட்டு, வண்டி வராத ஒரு திறந்த ரோட்டில் நான்கு பேராகச் சாய்ந்த வரிசை போட்டுப் பழகினோம். முதல் அரைமணி நேரத்தில் இரண்டு தடவை பிடி விட்டேன். இரண்டு தடவையும் அவர்கள் வேகம் குறைத்து என்னை ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை வீச்சு வந்தபோது முன்டயருக்கும் அவருடைய பின்டயருக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டு, முழங்கையை மடக்கியபடி, அங்கேயே இருந்தேன்.